போலீசுக்குத் தெரிந்தது, டாக்டருக்குத் தெரியவில்லை

பால்டிக் கடலில் கோட்லாண்ட் என்றொரு தீவு இருக்கிறது. சுவீடனுக்குச் சொந்தமானது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 56,000 பேர் வசித்தார்கள். தற்கொலைகள் அதிகமாக இருந்தன. அதனால் 1983, 1984 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தீவின் பொது மருத்துவர்களைக் கூட்டி, மனச்சோர்வை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மருந்து கொடுப்பது என்று பாடம் நடத்தினார்கள். காய்ச்சல், மூட்டுவலி என்று வருகிறவர்களிடம் ஒளிந்திருக்கும் மனச்சோர்வை அவர்கள் பிடித்துவிட்டால் உயிர்கள் தப்பும் என்பது கணக்கு. அது பலிக்கவும் செய்தது. மனச்சோர்வுக்கான மருந்துச் சீட்டுகள் கூடின. அதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் குறைந்தார்கள். 1985-இல் தற்கொலைகளும் கணிசமாகக் குறைந்தன.

இந்தத் திட்டத்தை ஆராய்ந்துவந்த மனநல மருத்துவர் வோல்ஃப்காங் ரூட்ஸும் அவருடைய குழுவினரும் பிறகு அந்த எண்களை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தார்கள். குறைந்ததெல்லாம் பெண்களின் தற்கொலை. ஆண்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருந்தது. இறந்த ஆண்களில் பலர் மனச்சோர்வு என்று எந்த டாக்டரிடமும் போனதே இல்லை. ஆனால் போலீசுக்கு அவர்களைத் தெரிந்திருந்தது, சமூகநலத் துறைக்கும் தெரிந்திருந்தது. குடித்துவிட்டுத் தகராறு, கை நீட்டியது என்று அவர்களைப் பற்றிய தகவல்கள் வேறு வேறு மேசைகளில் கிடந்தன. மருத்துவரின் மேசைக்கு மட்டும் வரவில்லை.

சின்னத் தீவு, சின்ன எண்ணிக்கை. அதை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. ஆனாலும் 'ஆண்கள் வாய் திறப்பதில்லை' என்ற பழகிப்போன விளக்கத்தை ரூட்ஸ் மறுபக்கமாகத் திருப்பிப் பார்த்தார். அவர்கள் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், மருத்துவம்தான் அதைக் காதில் வாங்கவில்லை என்றால்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ஆண்களின் மனச்சோர்வுக்கான 'கோட்லாண்ட் அளவுகோல்'. அதில் 13 கேள்விகள். எரிச்சல் அதிகமாகிவிட்டதா? குடி கூடிவிட்டதா? தூக்கம் கெட்டதா? சின்ன முடிவைக்கூட எடுக்க முடியாமல் தடுமாறுகிறீர்களா? 'நீ முன்ன மாதிரி இல்ல' என்று வீட்டில் சொல்கிறார்களா? இன்று உலகெங்கும் புழங்கும் பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள். தூக்கம், பசி, சோர்வு, நாட்டமின்மை, தாழ்வுணர்வு எல்லாம் இருக்கும். கோபமும் குடியும் இருக்காது.

இந்தியாவில் 2022-இல் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அதில் ஆண்கள் 1,22,724. பத்தில் ஏழு பேர். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் தினக்கூலிகள். மாநில வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு: 19,834 பேர்.

இவை காவல் நிலையக் கணக்குகள். புகுந்த வீட்டில் நடக்கும் பெண் சாவுகள் அடுப்பு விபத்து, வயிற்றுவலி என்று எழுதப்படுவது நமக்குப் புதிதல்ல. வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று சாவுக்கான காரணத்தை விசாரித்து, 2004-இல் வெளியான ஆய்வொன்று, 10 முதல் 19 வயது வரையிலானவர்களில் தற்கொலை விகிதம் லட்சத்துக்குப் பையன்களில் 58, பெண்பிள்ளைகளில் 148 என்று சொன்னது. ஆகவே 'ஆம்பளைங்கதான் பாவம்' என்று கொடி பிடிக்க இந்த எண்கள் உதவாது. ஆணின் சுமையைப் பேசுவதற்குப் பெண்ணின் சுமையைக் குறைத்துக் காட்டத் தேவையும் இல்லை.

பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் கோட்லாண்டின் சாயல் தெரிகிறது. மனச்சோர்வு பெண்களிடம்தான் சற்று அதிகம். எல்லா மனநலக் கோளாறுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்கள் 13.9 சதவீதம், பெண்கள் 7.5 சதவீதம் என்று படம் தலைகீழாகிறது. புரட்டிப்போட்டது குடி. குடிநோய் ஆண்களில் ஏறத்தாழ 9 சதவீதம், பெண்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. குடிநோய் உள்ளவர்களில் 86 சதவீதம் பேருக்கு எந்தச் சிகிச்சையும் போய்ச் சேரவில்லை.

அமெரிக்காவில் 2013-இல் லிசா மார்ட்டின் குழுவினர் ஒரு பெரிய தேசியக் கணக்கெடுப்பை மறுபடி அலசினார்கள். வழக்கமான அறிகுறிகளோடு கோபம், போதை, ஆபத்தான காரியங்களில் இறங்குவது ஆகியவற்றையும் சேர்த்து எண்ணியபோது மனச்சோர்வு ஆண்களில் 30.6 சதவீதம், பெண்களில் 33.3 சதவீதம் என்று வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்கு என்று பாடநூல்கள் சொல்லிவந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துபோனது. 'ஆண் மனச்சோர்வு' என்று தனியாக ஒன்று உண்டா என்பதில் மனநல மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எரிந்து விழுகிறவர்கள் எல்லோரும் மனச்சோர்வு உள்ளவர்கள் அல்ல; சிலர் வெறுமனே எரிந்து விழுகிறவர்கள்தான். பெண்டாட்டியை அடிப்பவனுக்கு நோய்ப் பட்டம் கொடுத்துத் தப்பவிடுவதற்கும் இந்த ஆராய்ச்சி உரிமம் தரவில்லை.

ஆணின் துக்கம் ஏன் கோபமாக வெளியே வருகிறது? ஹார்மோனைக் காட்டிக் கேள்வியை முடித்துவிடுவது எளிது. ஆனால் சின்னக் குழந்தைகளில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவுதான் அழுகிறார்கள். பெரிய வித்தியாசம் பதின்வயதில்தான் வருகிறது. அதற்குள் ஊர் தன் வேலையைச் செய்துவிடுகிறது. எவ்வளவு சீக்கிரம் என்பதை 1976-இல் ஜான் கான்ட்ரி, சாண்ட்ரா கான்ட்ரி என்ற தம்பதி காட்டினார்கள். மூடியைத் திறந்தால் உள்ளிருந்து பொம்மை துள்ளி வரும் பெட்டியைப் பார்த்து, ஒன்பது மாதக் குழந்தை திடுக்கிட்டு அழுகிறது. அந்த வீடியோவைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேரிடம் 'இது பையன்', மீதிப் பேரிடம் 'இது பொண்ணு' என்றார்கள். பொண்ணு என்று நம்பியவர்கள் குழந்தை பயந்துவிட்டது என்றார்கள். பையன் என்று நம்பியவர்களோ, குழந்தைக்குக் கோபம் என்றார்கள். அதே குழந்தை, அதே அழுகை. பயந்த பிள்ளையைத் தூக்கி அணைத்துக்கொள்வோம். கோபக்காரப் பிள்ளையை 'ஏய், என்னடா முறைக்கிற?' என்று சீண்டிச் சிரிப்போம். பேச்சு வருவதற்கு முன்பே பையனின் பயத்துக்கு நாம் வேறு பெயர் வைத்துவிடுகிறோம். பள்ளிக்கூடம் போகும் வயதில் 'ஆம்பளப் புள்ள அழலாமா?' வந்து சேர்கிறது. மீசை முளைக்கும்போது அதைச் சொல்ல யாருமே தேவைப்படுவதில்லை.

அடக்கினால் உணர்ச்சி அடங்கிவிடுமா? ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் ஆகிய உளவியலாளர்கள் 1993-இல் வெளியிட்ட சோதனையில், அருவருப்பூட்டும் அறுவைசிகிச்சைப் படத்தைக் காட்டி, ஒரு பிரிவினரிடம் மட்டும் 'முகத்தில் எதையும் காட்டாதீர்கள்' என்று சொன்னார்கள். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள அவர்களால் முடிந்தது. ஆனால் உள்ளே அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. தோலின் வியர்வைச் சுரப்பிகளும் விரலின் ரத்தநாளங்களும், அடக்காதவர்களைக் காட்டிலும் அதிகப் பதற்றத்தைக் காட்டின. கலந்துகொண்டவர்களில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு; இருவருக்கும் இதே முடிவுதான். ஆணுக்கு மட்டும் இதைச் சிறு வயதிலிருந்தே வீட்டுப்பாடமாகக் கொடுத்துவைத்திருக்கிறோம்.

அழுவதற்கு ஆணுக்கு நம் ஊரில் அனுமதியுள்ள இடம் ஒன்று உண்டு. டாஸ்மாக் பார். சில்லறை மது விற்பனை 2003 முதல் முழுக்க அரசின் கையில் இருப்பதால், இடத்துக்குப் பஞ்சமில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் அங்கே நண்பனின் தோளில் சாய்ந்து தேம்புகிறவனை யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. 'விடு மாப்ள, பாத்துக்கலாம்.' அம்மாவைப் பற்றி, கடனைப் பற்றி, ஓடிப்போன தம்பியைப் பற்றி, பகலில் சொல்லாததெல்லாம் அங்கே வந்துவிடும். காலையில் 'நேத்து கொஞ்சம் ஓவராயிடுச்சு' என்ற ஒரு வரியில் அத்தனையும் ரத்து. நம் சினிமாவும் இதற்கு ஒத்தாசை; காதலில் தோற்ற கதாநாயகன் கையில் பாட்டில் இருந்தால் பாட்டு முழுக்க அழலாம். ஆனால் அந்த மருந்து வேலை செய்யும் விதம் மோசம். மது சீக்கிரம் தூங்கவைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும், கனவுத் தூக்கத்தைக் குறைக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, பதைபதைப்பு. தொடர்ந்து குடிக்கக் குடிக்க மனச்சோர்வு ஆழமாகும். அதோடு, போதையில் இருக்கும்போது யோசித்து நிறுத்தும் சக்தியும் மூளைக்குக் குறைகிறது. ஒரு வேதனையான எண்ணம் செயலாக மாறச் சில நிமிடங்கள் போதும்.

ஆண்மை என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் எது தீங்கு செய்கிறது என்று பிரித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஜோயல் வோங் குழுவினர் 2017-இல், ஏறத்தாழ 19,500 பேரை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஜெயித்தே ஆகவேண்டும், உணர்ச்சியைக் காட்டக் கூடாது, வேலைதான் முதலில் என்பது போன்ற 11 ஆண் விதிகள் அந்த ஆய்வுகளில் அளக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே தராசில் போட முடியவில்லை. வேலைக்கு முதலிடம் கொடுப்பதற்கும் மனநலக் கேட்டுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. அதிகத் தொடர்பு காட்டியவை மூன்று: யார் உதவியும் வேண்டாம், எல்லாம் நானே என்பது; பல பெண்களோடு பழகுவதைப் பெருமையாக நினைப்பது; பெண்கள்மீது அதிகாரம் வேண்டும் என்பது. இந்த விதிகளை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவர்கள் உளவியல் உதவியை நாடுவதும் குறைவு. தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. மனம் நொந்தவன்தான் அந்த விதிகளை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறானோ என்னவோ. ஆனால் பெண்ணை அடக்கிவைக்கும் ஆசை அடக்குகிறவனுக்கே நிம்மதி தரவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

உழைப்பும் குடும்பப் பொறுப்பும் தாங்கும் குணமும் விஷமல்ல. விஷம் இருப்பது, ஆண்மை எப்போது வேண்டுமானாலும் பறிபோகும் என்ற பயத்தில். அமெரிக்காவில் ஜெனிஃபர் பாசன், ஜோசப் வாண்டெல்லோ ஆகியோர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். சில ஆண்களிடம் கயிறு பின்னச் சொன்னார்கள். வேறு சில ஆண்களிடம் பொம்மைத் தலையில் ரிப்பன் வைத்து முடி பின்னச் சொன்னார்கள். அடுத்ததாகப் புதிர் போடுகிறீர்களா, குத்துச்சண்டைப் பையைக் குத்துகிறீர்களா என்று கேட்டால், முடி பின்னியவர்கள்தான் பையை நோக்கி அதிகம் போனார்கள். இரண்டு நிமிடம் சடை போட்டதில் ஏதோ குறைந்துவிட்டதாக நினைத்து, அதைக் குத்தி மீட்கப் பார்க்கிறார்கள்! தோவாளையிலும் மதுரையிலும் காலமெல்லாம் பூக்கட்டும் ஆண்களுக்கு இது விளங்கவே விளங்காது. எது ஆண்மைக்குக் குறைச்சல் என்பதை அந்தந்த ஊர் முடிவு செய்கிறது. முடிவு செய்தது ஊர் என்றால் மாற்றிக்கொள்ளவும் ஊரால் முடியும்.

சம்பாதிப்பவன்தான் ஆண் என்று வைத்திருக்கும் ஊரில் வேலை போவதும் கடன் ஏறுவதும் பணப் பிரச்சினையோடு நிற்பதில்லை. தற்கொலைக் கணக்கில் தினக்கூலிகள் அவ்வளவு பேர் இருப்பதை வறுமையை விட்டுவிட்டு விளக்க முடியாது. 'குடும்பத்தைக் காப்பாத்தத் துப்பில்ல' என்ற அவமானத்தை விட்டுவிட்டும் விளக்க முடியாது. கூலி, கடன், வட்டி ஆகியவற்றைத் தொடாமல் கவுன்சலிங் மட்டும் கொடுப்பது பாதி வைத்தியம்தான்.

ஆண்கள் உதவி தேடுவதே இல்லை என்பதும் பாதி உண்மைதான். 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்த வைத்தியர்கள் இத்தனை ஆண்டுகளாக யாரை நம்பிப் பிழைத்தார்கள்? உடம்பில் தெம்பில்லை, தூக்கமில்லை, படபடப்பு, எதிலும் ஆசையில்லை, சிறுநீரில் தாது போகிறது என்று இளைஞர்கள் பணத்தோடு அங்கே போனார்கள். பின்னாளில் சண்டிகரில் மனநலத் துறையை உருவாக்கிய டாக்டர் என்.என். விக், 1960-இல் இந்த முறையீட்டுக்குத் 'தாது சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். தாது போவதால் உடம்பு கெடுவதில்லை. அது மருத்துவ உண்மை. ஆனால் இப்படி வருகிறவர்களில் பலருக்கு மனச்சோர்வோ மனப்பதற்றமோ இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. 'மனசு சரியில்ல' என்று சொல்ல வராதவனுக்கு 'உடம்பு சரியில்ல' என்பது கௌரவமான வாசல். லாட்ஜ் வைத்தியர் அந்த வாசலில் கடை போட்டார். நாம் போடவில்லை.

எந்த அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யிலும் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயது ஆள். சீட்டு அவர் மனைவியின் கையில் இருக்கும்.

'ராத்திரி பூரா புரண்டுகிட்டே இருக்காரு டாக்டர். பிள்ளைங்ககிட்ட எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறாரு.'

'அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். இடுப்புதான் வலிக்குது. அப்புறம் கொஞ்சம் கேஸ் ட்ரபிள்.'

பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். டாக்டர் வலி மாத்திரையும் வாயு மாத்திரையும் எழுதுகிறார். மனைவி சொன்னது சீட்டில் ஏறாது. சில நாள் கழித்து அதே ஆள் மெடிக்கல் ஷாப்பில் 'தூங்குறதுக்கு ஏதாச்சும் குடுங்கண்ணே' என்று நிற்பார். அவர் உதவி கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? டாக்டரிடம் ஒரு தடவை, கடைக்காரரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டார்.

அதனால்தான் 'ஆண்களே, மனம் விட்டுப் பேசுங்கள்' என்ற போஸ்டர்களில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. முப்பது, நாற்பது வருடம் பூட்டிவைத்ததைப் போஸ்டர் திறக்காது. ஆள் எந்த வாசலில் நிற்கிறாரோ அங்கே சிகிச்சை போகவேண்டும். கோவாவில் அபிஜித் நட்கர்னி குழுவினர் அதைச் செய்தார்கள். 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் அதிகமாகக் குடிக்கும் ஆண்கள் 377 பேரைத் தேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, அதிகபட்சம் நான்கு தடவை ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்களோ உளவியலாளர்களோ அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். மூன்று மாதம் கழித்து, ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம், மற்றவர்களில் 26 சதவீதம். முந்தைய இரண்டு வாரம் ஒரு சொட்டும் தொடாதவர்கள் 42 சதவீதம், மற்றவர்களில் 18 சதவீதம். 2017-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இது. அதிசயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தப் புதுக் கட்டடமும் இல்லாமல் கிடைத்த பலன்.

ஆஸ்திரேலியாவில் 1990-களில் தொடங்கிய 'ஆண்கள் கொட்டகை' இன்னொரு வழி. ஓய்வுபெற்றவர்களும் வேலை இழந்தவர்களும் ஓரிடத்தில் கூடி மர வேலை செய்வார்கள், பழைய சைக்கிளைப் பழுது பார்ப்பார்கள். இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொட்டகைகள் உண்டு. நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால் வராத பேச்சு, கை ஏதோ வேலையில் இருக்கும்போது பக்கத்தில் நிற்பவனிடம் வருகிறது. நம்மிடம் இதற்கு ஆட்டோ ஸ்டாண்டு இருக்கிறது, சலூன் இருக்கிறது, டீக்கடை பெஞ்சு இருக்கிறது. 2021 முதல் தமிழ்நாட்டில் பிரஷரும் சுகரும் பார்க்க வீட்டுக்கே வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. பிரஷர் பார்க்கும் அந்தக் கையே தூக்கத்தைப் பற்றி ஒன்று, குடியைப் பற்றி ஒன்று என இரண்டு கேள்வியைத் தவறாமல் கேட்டால், ஆணுக்கு அது கௌரவக் குறைச்சலாகவே இருக்காது.

வீட்டில், நட்பில் நாம் கேட்கும் கேள்வியையும் மாற்றலாம். 'என்னடா ஒரு மாதிரி இருக்க?' என்றால் 'ஒண்ணுமில்லியே' என்றுதான் பதில் வரும். 'தூக்கம் வருதா? இப்பல்லாம் எவ்வளவு குடிக்கிற? கடன்காரன் யாராச்சும் நெருக்குறானா?' என்று கேளுங்கள். சந்தேகம் வலுத்தால் 'செத்துடலாம்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி ஆவதாக ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. கேட்கப்பட்டவர்களுக்குப் பாரம் குறையவும் கூடும். போலீஸ் கேஸ் பயமும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி-மானஸ் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. மனச்சோர்வு, கவலை என்றெல்லாம் சொல்ல வராவிட்டால் பரவாயில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொல்லியே பேச்சை ஆரம்பிக்கலாம்.